இடது கைப் பிரேக்

மலைப்பாதையின் பாதியில், பாறை இடுக்கிலிருந்து ஊற்று ஒழுகும் இடத்தில், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சந்திரகலா இறங்கி நின்றாக வேண்டும். சைக்கிளை மதகுச் சுவரில் சாய்த்துவிட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடித்து, இரண்டு சக்கரங்களின் ரிம்மிலும் ஊற்றுவாள். தோசைக்கல்லில் தெளித்ததுபோல் சத்தம் வரும். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்ததில் ரிம் அப்படிக் காய்ந்திருக்கும். ஆறவிடாமல் கிளம்பினால் டியூப் வெடிக்கும். ஒரு தடவை வெடித்து, மீதி மலையை அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்கியிருக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் ஊற்றினாள், ஆறும்வரை நின்றாள், கிளம்பினாள். அடிவாரத்துப் புளியமரம் கண்ணுக்குத் தெரிந்தபோது கண்டக்டர் சகாதேவனின் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு திருவண்ணாமலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கத்திப் பார்த்தாள். பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடியில் யாரோ ஒரு குழந்தை மட்டும் கையாட்டியது. தொடர்ந்து இது மூன்றாவது வாரம்.

அடுத்த பஸ் இருட்டிய பிறகுதான். வீடு வந்து சேர்ந்தபோது மகள் அன்புச்செல்வி வீட்டுப்பாட நோட்டின் மேலேயே தூங்கியிருந்தாள். நாத்தனார் காசியம்மாள்தான் கதவைத் திறந்தாள்.

"வெள்ளிக்கிழமை அதுவுமா வெளக்கு வெக்க வூட்டுக்காரி இல்ல. நான்தான் வெச்சேன். நான் வெச்சா ஊர்ல இன்னா பேசுவாங்கன்னு உனக்கே தெரியும்," என்றாள்.

காசியம்மாள் கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள். வாரத்தில் ஐந்து நாள் இந்த வீட்டின் சோறும் குழம்பும், அன்புச்செல்வியின் சடையும் சீருடையும் அவள் கையில்தான். அதனால் அவள் பேசும்போது சந்திரகலா குறுக்கே பேசுவதில்லை.

"அஞ்சு நாளும் நான் பாத்துக்கிறேன். ஒண்ணும் சொல்லல. வெள்ளிக்கிழமை வெளக்கு வெக்கிற நேரத்துக்கு நீ வூட்ல இருக்கணும். அது முடியலைன்னா மாறுதலுக்கு எழுதிக் குடுத்துட்டு கீழ வந்துடு. கீழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துல எடம் காலியா கீதாம். கிரி விசாரிச்சுகினு வந்தான்."

சந்திரகலா கணவனைப் பார்த்தாள். அருணகிரி தட்டில் இருந்த அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தான்.

"சும்மா விசாரிச்சேன்," என்றான்.

"நான் வந்துடுவேன் அண்ணி. வெளக்கு வெக்கிறதுக்குள்ள வந்துடுவேன். மாறுதல் வேணாம்," என்றாள் சந்திரகலா. சாப்பிட உட்கார்ந்த பிறகுதான், எப்படி என்று அவளுக்கே தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

*

சந்திரகலா சைக்கிள் விடக் கற்றது திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம், எண்பத்தொன்பதில். பிறந்த ஊர் அடி அண்ணாமலை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேழ்வரகும் போட்ட சிறு விவசாயி அவளுடைய அப்பா. ஆசிரியர் பயிற்சிக்கு டவுனுக்குப் போக பஸ் காசு கட்டுப்படியாகவில்லை என்று, அப்பாவுடைய பார் வைத்த சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினாள். கிரிவலப் பாதையில் அந்த நாட்களில் பகலில் மாட்டுவண்டிகூட எப்போதாவதுதான் வரும். விழுந்தால் பார்க்க ஆளில்லை என்பதே பெரிய வசதியாக இருந்தது.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, சைக்கிள் கடை வைத்திருந்த அருணகிரியைக் கட்டிக்கொண்டது அதற்கு மூன்று வருஷம் கழித்து. பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் ஏற்பட்ட சம்பந்தம் என்று ஊரில் சொன்னார்கள். அது பொய். தரகர்தான் கொண்டுவந்தார். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று அவன் அவளைப் பார்த்ததைவிட வாசலில் நின்ற அவளுடைய சைக்கிளின் செயினை அதிக நேரம் பார்த்தான் என்பது மெய்.

வேலை கிடைத்தது ஜவ்வாது மலைமேல், கொட்டாம்பாறை என்ற சிற்றூரில். பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளி. அவளுக்கு முன்னால் வந்த இரண்டு டீச்சர்களும் ஒரு வருஷம் முடியுமுன் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரவில் விடுதியில் தங்க ஒரு பெண் டீச்சர் இல்லை என்றால், வயதுக்கு வரப்போகும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். சந்திரகலா வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இப்போது எட்டாம் வகுப்பிலேயே பதினோரு பேர். அவள் கீழே வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திங்கள் காலை சகாதேவனின் பஸ் மலை உச்சிவரை போகும். மாலையில் அதே பஸ் அடிவாரத்தோடு திரும்பிவிடும். அதனால்தான் சைக்கிள். திங்களன்று பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு போவாள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் புடவையை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டு, சைக்கிளில் மலை இறங்கி, அடிவாரத்தில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மொபெட் வாங்கலாமே என்று கேட்காதவர் இல்லை. மொபெட் அந்த ஏற்றத்தில் முக்கும். பஸ் கூரையிலும் ஏறாது.

அந்த சைக்கிளும் லேசுப்பட்டதல்ல. ஆசிரமத்துக்கு வருஷா வருஷம் வந்துகொண்டிருந்த ஜெர்மன்காரம்மா ஒருத்தி கொண்டுவந்த மலை சைக்கிள். தடித்த டயர், கியர் எக்கச்சக்கம். ஊருக்குப் போகும்போது அருணகிரியின் கடையில் விட்டுவிட்டுப் போனாள். "உன் மனைவி ஓட்டட்டும். ஆனால் எதையும் மாற்றாதே. நான் வந்தாலும் வருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனவள் அப்புறம் வரவே இல்லை.

எதையும் மாற்றாதே என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அருணகிரியின் கடைக்கு எந்த வெளிநாட்டு சைக்கிள் வந்தாலும் அவன் முதலில் செய்கிற வேலை, பிரேக் கேபிளை இடம் மாற்றுவதுதான். நம் ஊர் சைக்கிளில் வலது கை அழுத்தினால் முன் சக்கரம் நிற்கும், இடது கைக்குப் பின் சக்கரம். ஜெர்மன்காரர்கள் சைக்கிளில் நேர்மாறு. அவன் அதைத் திருத்தி, நம் ஊர் முறைக்குக் கொண்டுவந்து வாடகைக்கு விடுவான். ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வெள்ளைக்காரராவது கடைக்கு எதிரிலேயே ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவார். "அவங்க பழக்கம் அவங்களுக்கு. ரோடு நம்ம ரோடு," என்பான் அருணகிரி, டிஞ்சர் பாட்டிலை எடுத்துக்கொண்டு.

ஜெர்மன்காரம்மாவின் சைக்கிளை மட்டும் வாக்குக் கொடுத்தபடியே விட்டு வைத்திருந்தான். சந்திரகலாவும் அதிலேயே நாலு வருஷம் மலை இறங்கிப் பழகிவிட்டாள். இடது கை என்றால் முன் பிரேக், விரலால் தொட்டால் போதும். வலது கை என்றால் பின் பிரேக், பயந்தால் முழுக் கையால் அழுத்தலாம்.

*

சனிக்கிழமை காலை அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அருணகிரி பின்வாசலுக்கு வந்து நின்றான். முகத்தில் தீபாவளி தெரிந்தது.

"டீச்சர், ஒரு சாமான் வந்து கீது. வந்து பாரேன்."

பக்கத்து விருந்தினர் விடுதியில் யாரோ ஃபிரேம் உடைந்ததென்று போட்டுவிட்டுப் போன சைக்கிள். மற்றதெல்லாம் புதிது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இரண்டு பக்கமும் ஷாக் வைத்தது. அமுக்கினால் அமுங்கி, விட்டால் எழுந்தது. பிரேக்கும் வேறு மாதிரி, நீளமான இரண்டு கைகள் ரிம்மை இருபுறமும் கவ்வும்.

"இத்த உன் வண்டிக்குப் போட்டா, பள்ளம் மேடு ஒண்ணும் தெரியாது. இறக்கத்துல அப்டியே பறந்து வரலாம். சகாதேவன் பஸ்ஸு உனக்குப் பின்னாடி வரும்."

"கனமா இருக்கும்போல இருக்கே."

"கீழ வரதுக்கு கனம் இருந்தா இன்னா? ஜாஸ்தி வேகம்தான்."

சந்திரகலா ஷாக்கை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள். அமுங்கும்போது கைப்பிடி முன்னால் தலை குனிந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மூன்று வெள்ளிக்கிழமைகள் நினைவில் இருந்தன.

"யோசிச்சு சொல்றேன். இப்ப ஒண்ணும் கழட்டாதீங்க," என்றாள்.

அவள் யோசித்தாள். துணி அலசும்போதும், அன்புச்செல்விக்குப் பேன் பார்க்கும்போதும் யோசித்தாள்.

"அம்மா, பறந்து வந்தா எனக்கு எத்தினி மணிக்கு தோசை கிடைக்கும்?" என்று கேட்டாள் மகள்.

"பறந்து வந்து விழுந்துட்டா தோசையே கெடையாது," என்றாள் காசியம்மாள் உள்ளேயிருந்து.

ஞாயிற்றுக்கிழமை அவள் காய் வாங்கிக்கொண்டு அம்மா வீட்டையும் பார்த்துவிட்டு வந்தபோது வேலை முடிந்திருந்தது. புது ஃபோர்க், புது பிரேக். சைக்கிளைத் துடைத்து, கோணிப்பையில் கட்டி, பஸ்ஸுக்குத் தயாராக வைத்திருந்தான்.

"யோசிச்சு சொல்றேன்னேனே?"

"நீ யோசிச்சுகினே இருப்ப, வெள்ளிக்கிழமை வந்துடும். அக்கா வாய நான்தானே கேக்குறேன்? நீ அந்த மலைய விடமாட்டன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் செஞ்சேன்."

அதில் ஒரு பாசம் இருந்தது. அதனால் அவள் சண்டை போடவில்லை. அவிழ்த்து ஓட்டிப் பார்க்கவும் இல்லை. அவிழ்த்திருந்தால் வாசலிலேயே தெரிந்திருக்கும்.

*

வெள்ளிக்கிழமை கொட்டாம்பாறையில் மணி அடித்ததும் கிளம்ப முடிந்ததில்லை. பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோர் ஒவ்வொருவராக வந்து, ஒவ்வொருவராகப் பேசி, ஒவ்வொருவராகப் போவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். சமையல் பார்க்கும் பச்சையம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியபோது வெயில் மஞ்சளாகியிருந்தது.

முதல் இரண்டு வளைவுகளில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துத் தொட்டால் வண்டி அடங்கியது. வளைவுக்கு முன்னால் ஒரு பிடி, பிறகு விட்டுவிடலாம். பழைய பிரேக் என்றால் நேர் ரோட்டிலும் அழுத்திக்கொண்டே வர வேண்டும். ஊற்று வந்தது. வழக்கப்படி நிற்கப் போனாள். குனிந்து ரிம்மைத் தொட்டாள். வெதுவெதுப்புதான். தண்ணீர் பிடிக்காமல் கிளம்பினாள். பலாமர வளைவு, அம்மன் கல் வளைவு. காதில் காற்று இரைந்தது. இன்றைக்குப் பஸ் எனக்காகக் காத்திருக்கும் என்று நினைத்தாள்.

அதற்கடுத்த வளைவில் ரோடு நிறைய வெள்ளாடு.

பயம் வந்ததும் வலது கை தானாக முழுப் பிடியாக அழுத்தியது. நாலு வருஷமாகப் பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திய கை. பிடித்தது முன் சக்கரத்தை. ஷாக் பொத்தென்று அமுங்கியது, கைப்பிடி தலை குனிந்தது, சந்திரகலா அதற்கு மேலாகப் போய் உண்ணிச்செடிப் புதரில் விழுந்தாள்.

ஆடுகள் போன பிறகு எழுந்து உட்கார்ந்தாள். முழங்கை தோல் போயிருந்தது. முழங்காலில் சுடிதார் கிழிந்து ரத்தம். கை கால் எல்லாம் மடங்கியது, நீண்டது. ஆடு மேய்க்கும் கிழவர் புதரிலிருந்து அவளுடைய செருப்பை எடுத்துக் கொடுத்து, "டீச்சரு, வண்டி எகிறுதா?" என்று கேட்டார்.

"வண்டி எகிறல. நான்தான் எகிறினேன்."

சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள். வலது பிரேக்கை அழுத்தித் தள்ளிப் பார்த்தாள். பின் சக்கரம் உருண்டது, முன் சக்கரம் நின்றது. இடதை அழுத்தினாள். பின்னால் பிடித்தது. மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிந்தது. கோபம் அதற்குப் பிறகு, மெதுவாகத்தான் வந்தது.

ஜெர்மன்காரம்மா இனி வரமாட்டாள், வண்டி நம்முடையது என்று முடிவு செய்திருக்கிறான். நம்முடையது என்றான பிறகு அவன் கை சும்மா இருக்குமா? அவளிடம் சொல்ல வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது. உப்பு போட்டதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

இப்படியே மெதுவாகத் தள்ளிக்கொண்டு இறங்கலாம். பஸ் எப்படியும் போய்விடும். வீட்டில் போய் மாறுதலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் காசியம்மாள் காயத்துக்கு மஞ்சள் அரைத்துப் போட்டு, தலையைத் தடவிக்கூட விடுவாள். சந்திரகலா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அதையும் ஒரு தடவை முழுதாக நினைத்துப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவைக் கிழித்து முழங்காலைக் கட்டினாள். பிரேக்கைத் தளர்த்தி, கேபிள் வெளியே வர பிரேக் பிடிகளின் திருகிலிருந்த பிளவை நேராக்கி, இரண்டு கேபிள்களின் நுனிக் குண்டையும் உருவி, பிடி மாற்றி மாட்டினாள். சைக்கிள் கடைக்காரன் பெண்டாட்டிக்கு இதற்கு ஸ்பானர்கூட வேண்டாம். இடது கை முன் சக்கரத்துக்கு வந்தது. இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் விண்விண் என்றது. மீதி வளைவுகளையும் ஓட்டிக்கொண்டேதான் இறங்கினாள்.

பஸ் போயிருந்தது.

*

அன்றிரவு காசியம்மாள் அதிகம் பேசவில்லை. மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். "எழுதிக் குடுத்துடும்மா," என்று மட்டும் சொன்னாள். அவள் 'அம்மா' என்று சொன்னதுதான் சந்திரகலாவுக்குப் பயமாக இருந்தது.

அருணகிரி கேபிளைப் பார்த்த உடனேயே தெரிந்துகொண்டான். வாசலில் சைக்கிள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"பழக்கத்துல மாத்திட்டேன். சத்தியமா நெனப்பே இல்ல. கேபிள் கைக்கு வந்திச்சு, மாத்திட்டேன்."

"தெரியும்."

"வேணாம் சந்திரா. இந்த வண்டியே வேணாம். வித்துடலாம். அக்கா சொல்றதுதான் சரி. ஊர்ல நல்ல வேலைக்காரன்னு பேரு, என் கையாலயே..."

"விக்கிற பேச்செல்லாம் வேணாம். காலைல கடை தொறக்குறதுக்கு முன்னாடி எனக்கு உங்க கை வேணும்," என்றாள் சந்திரகலா.

காலையில் அவள் முழங்காலை மடக்காமல் கடையின் மரப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டாள். அருணகிரி சைக்கிளைத் தொங்கவிட்டான்.

"ஷாக்க கழட்டுங்க. பழைய ஃபோர்க்கையே போடுங்க."

"அடியே, அது ஜப்பான் சாமான். அதுக்கு ஊரே அலையுது."

"அலையட்டும். பிரேக்கு புடிச்சா தலை குனியுது அது. குனிஞ்சதாலதான் நான் மேல போனேன். வாடகை வண்டிக்குப் போடுங்க, வெள்ளைக்காரங்க ஆசையா ஓட்டுவாங்க."

"பிரேக்கு?"

"பிரேக்கு இருக்கட்டும். அது நல்ல பிரேக்கு."

அருணகிரி நிமிர்ந்து பார்த்தான். விழவைத்த பிரேக்கை நல்ல பிரேக் என்கிறாளே என்று.

"இத்தினி நாளா நான் ஏன் லேட்டு தெரியுமா? வேகம் கம்மியா இருந்ததால இல்ல. பழைய பிரேக்கு புடிக்காது. மலை முழுக்க அழுத்திகினே வருவேன், ரிம்மு காயும், ஊத்துல நின்னு ஆற வெப்பேன். நேத்து நிக்கவே இல்ல. ஆடு வர வரைக்கும் பஸ்ஸு என்னுதுதான். நின்னுடும்னு தெரிஞ்சா தைரியமா விடலாங்க. பறக்குற சாமான் எனக்கு வேணாம்."

அருணகிரி ஃபோர்க்கைக் கழற்றத் தொடங்கினான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ கேபிளு?" என்றான்.

"இடது கை முன்னாடி. இது என் வண்டி. அதுல இனிமே கேக்காம கை வெக்காதீங்க."

"சரிங்க டீச்சர்," என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

உள்ளே காசியம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சந்திரகலா நொண்டிக்கொண்டே போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை குடுங்க. வெளக்கு வெக்கிறதுக்குள்ள நான் வரலைன்னா, சனிக்கிழமை நானே எழுதி உங்க கையில குடுக்கிறேன்."

காசியம்மாள் புடைப்பதை நிறுத்தவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. பஸ்ஸுல கால் வெக்க எடம் இருக்காது. தெரிஞ்சுதான் கேக்குறியா?"

தெரியாமல்தான் கேட்டிருந்தாள். ஆனால் வாய்விட்டுக் கேட்டாயிற்று.

"தெரியும் அண்ணி," என்றாள்.

*

பௌர்ணமி அன்று செங்கம் ரோட்டில் மதியத்துக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். அண்ணாமலையை வலம் வரும் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடக்கும். சைக்கிள் கடைக்கு அன்றைக்கு வேலை இல்லை. அருணகிரி கடையைச் சாத்திவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அடிவாரத்துக்கு வந்து புளியமரத்தடியில் நின்றான். மனைவி மலை இறங்குவதை இத்தனை வருஷத்தில் அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மேலே சந்திரகலா அந்த வாரம் இன்னொன்றையும் மாற்றியிருந்தாள். பெற்றோரை மணி அடிக்கும் முன்பே சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, பச்சையம்மாள் எல்லாருக்கும் டீ கொடுக்க, நடுவில் நின்று ஒரே பேச்சாகப் பேசி முடித்தாள். "இன்னாம்மா, இன்னிக்கு ரயிலா?" என்று பச்சையம்மாள் கேட்டாள். "ஆமா, விட்டா கிடைக்காது," என்றாள் சந்திரகலா.

முதல் வளைவை நெருங்கினாள். விழுந்த உடம்பு அது, மறந்திருக்கவில்லை. இடது விரலால் தொட்டாள். வண்டி கேட்டது. விட்டாள். வளைவுக்கு முன்னால் ஒரு பிடி, விட்டுவிடு. பிடி, விடு. ஊற்றில் நிற்கவில்லை. ஆடு மேய்க்கும் கிழவர் அவளைப் பார்த்ததும் மந்தையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, ஏதோ மந்திரி வருவதுபோல் கோலை நட்டு நின்றார். பழைய ஃபோர்க் ஒவ்வொரு குழியையும் தோள்பட்டைவரை கொண்டுவந்து சொன்னது. சொல்லட்டும் என்று விட்டாள்.

கடைசி வளைவில் அருணகிரி அவளைப் பார்த்தான். சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, ரோட்டை முறைத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். அது தன் பெண்டாட்டி என்று அவனுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவனுக்கு ஒரு முழம் முன்னால் வந்து அலுங்காமல் நின்றாள்.

"நீங்க இங்க இன்னா பண்றீங்க?"

"சும்மா. காத்து வாங்க வந்தேன்."

பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. வந்தபோது கூரையிலேயே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சகாதேவன் படியில் தொங்கிக்கொண்டே கையை விரித்தான். "டீச்சர், ஒரு ஆளுன்னா எப்டியாவது ஏத்திக்கிறேன். சைக்கிளு வேணாம். மேல பாருங்க, மூட்டையா மனுஷாளான்னே தெரியல."

சைக்கிளை ஓட்டிக்கொண்டே ஊர் போனால் நிச்சயம் இருட்டிவிடும். சந்திரகலா வானத்தைப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள். அருணகிரி கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நீ ஏறு. வண்டிய நான் ஓட்டிகினு வரேன். அக்காவுக்கு வெளக்குதானே கணக்கு?"

அவள் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள். "இடது கைதான் முன்னாடி. நெனப்பு இருக்கட்டும்."

"எனக்கே சொல்றியா? முப்பது வருஷமா வண்டி பாக்குறேன்."

பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்துக்குள் புகுந்து, நடந்து, கொஞ்சம் ஓடி, தண்ணீர்ப் பந்தல்காரர்களின் தடுப்பைத் தாண்டி அவள் வீட்டுப்படி ஏறியபோது எதிர் வீட்டில் இன்னும் விளக்குப் போடவில்லை. காசியம்மாள் திரியும் எண்ணெயும் எடுத்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கண்டதும் எழுந்து உள்ளே போனாள்.

"கால் கழுவிட்டு ஏத்து," என்றது குரல். "தோசை மாவு கூடத்துல கீது."

அருணகிரி வந்தபோது நிலா நன்றாக மேலே ஏறியிருந்தது. கூட்டத்துக்கு நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டைக் கை கிழிந்திருந்தது. முழங்கையில் யாரோ விபூதி அப்பியிருந்தார்கள்.

"இன்னாடா இது?" என்றாள் காசியம்மாள்.

"ஒண்ணுமில்லக்கா. ஊர் எல்லையில தடுப்புக் கட்டை போட்டிருக்கான். நான் மெதுவாத்தான் புடிச்சேன்."

"எந்தக் கையால?" என்றாள் சந்திரகலா.

அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டான். அன்புச்செல்வி டிஞ்சர் பாட்டிலை எடுத்துவர ஓடினாள். காசியம்மாள் தம்பியின் கையைப் பார்த்தாள், சந்திரகலாவின் முழங்காலைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாறுதல் பேச்சை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்திரகலா வாசலில் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கடையில் நெட்டையான ஒரு வெள்ளைக்காரர் வாடகைக்குச் சைக்கிள் கேட்டு நின்றார். வண்டியை எடுத்துக் கொடுக்கப் போன அருணகிரி, கொடுக்காமல் பிடித்துக்கொண்டான். கட்டுப் போட்ட கையைத் தூக்கி, இரண்டு கைகளையும் மாறி மாறிக் காட்டினான்.

"யுவர் ஃப்ரன்ட் பிரேக்கு, எந்தக் கை சார்? திஸ்? ஆர் திஸ்?"

வெள்ளைக்காரர் இடது கையைத் தூக்கினார். அருணகிரி சைக்கிளைத் தொங்கவிட்டு, கேபிளை மாற்றத் தொடங்கினான்.

திங்கள் விடியலில் பஸ் நிலையத்தில் சகாதேவன் சைக்கிளைக் கூரைக்குத் தூக்கினான். வழியனுப்ப வந்த அருணகிரியின் கையைப் பார்த்ததும் கயிற்றைக் கட்டாமலே குனிந்தான்.

"இன்னா டீச்சர், சாருக்குக் கட்டு? இவரும் மலை இறங்கினாரா?"

"இல்லைங்க. அவரு சமதரையிலயே விழுவாரு," என்றாள் சந்திரகலா. "கயித்த நல்லா இழுத்துக் கட்டுங்க. வெள்ளிக்கிழமை எனக்கு அது வேணும்."